எனக்கு லீவு, என் மகளுக்கு ‘கேப்’

போன ஞாயிற்றுக்கிழமை காலை பூங்கா பெஞ்சில் ஒரு வாக்குவாதம். நடைப்பயிற்சி முடிந்ததும் நாங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்து பேசுவதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். சர்க்கரை அளவு, பென்ஷன் நிலுவை, திருச்சியைச் சுற்றி ஏறிவிட்ட மனை விலை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பேச்சு கடைசியில் பிள்ளைகளிடம் வந்து நிற்கும். அன்றும் நின்றது. தாலுகா அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் சொன்னார்: “இந்தக் காலத்துப் பசங்களுக்கு வொர்க் லைஃப் பேலன்ஸ்னு ஒரு ஃபேஷன் சார். நாமெல்லாம் அப்படி ஏதாவது கேட்டமா? வாயை மூடிக்கிட்டு வேலை பார்த்தோம்.”

வழக்கமாக இந்த இடத்தில் நானும் தலையாட்டுவேன். பல வருடமாக ஆட்டியிருக்கிறேன். அன்று ஆட்டவில்லை. “கேட்டோம் சார். கொடி பிடிச்சுக் கேட்டோம்” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. பக்கத்தில் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அங்கே பாதியில் விட்டதை இங்கே முழுதாக எழுதுகிறேன். நண்பர் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர். படிக்கட்டும்.

முதலில் நாம் வேலை தேடிய கதை. அதைத்தான் நாம் பெரிய காவியமாகப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் பி.காம். முடித்தது 1977. முடித்த கையோடு எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று பதிந்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், அப்புறம் ஹையர். சான்றிதழ் நகல்களில் பச்சை மையில் கையெழுத்து வாங்க, தெரிந்த கெஜட்டட் ஆபீசர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு போஸ்டல் ஆர்டர். அதற்கு அப்பாவிடம் கை நீட்ட வேண்டும். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். மூன்று வருடம் இப்படி. 1980-இல் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ வந்தபோது படம் முடிந்து வெளியே வந்த எங்கள் கூட்டத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. அதே வருடம்தான் வங்கித் தேர்வில் எனக்கு வேலை கிடைத்தது.

கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கஷ்டம் ஒரு முறைதான். உள்ளே நுழைந்துவிட்டால் கதவு நமக்குப் பின்னால் சாத்திக்கொள்ளும். அறுபது வயது வரை யாரும் வெளியே தள்ள மாட்டார்கள். நான் 24 வயதில் வேலை தேடினேன். அதன் பிறகு என் வாழ்க்கையில் வேலை தேடவே இல்லை. என் மகள் 39 வயதில் மறுபடியும் தேடிக்கொண்டிருக்கிறாள். இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘நாங்க படாத பாடா’ என்று கேட்க எனக்கு இப்போது வாய் வரவில்லை.

இன்னொரு காவியம் குளோசிங் இரவு. வங்கிக்காரர்கள் எல்லோரிடமும் இந்தக் கதை இருக்கும். அப்போது வங்கிக்கு ஜூன் முப்பதும் டிசம்பர் முப்பத்தொன்றும் கணக்கு முடிப்பு. லெட்ஜர் லெட்ஜராகக் கூட்டி, மூன்று ரூபாய் இருபது பைசா வித்தியாசத்தைத் தேடி விடிய விடிய உட்கார்ந்திருப்போம். இரவு பரோட்டா பார்சல் வரும். விடியற்காலை டீ. பேலன்ஸ் ஆனதும் ஹெட் கிளார்க் கைதட்டுவார். இதை நான் என் மருமகனிடம் ஒரு முறை பெருமையாகச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாமா?” என்றார். வருஷத்துக்கு இரண்டு தடவை என்றேன். ஓவர்டைம் உண்டா என்றார். உண்டு என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. மற்ற நாட்களில் ஐந்தரை மணிக்கு நான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன் என்பதை நானே அப்போதுதான் யோசித்தேன்.

அந்த ஐந்தரை மணி சும்மா வந்ததா? 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினாரே, இந்தியாவிலேயே முதல் மே தினம், அங்கிருந்து வந்தது. எட்டு மணி நேரம் என்பது யாரோ முதலாளி மனம் இரங்கிக் கொடுத்ததல்ல. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947. அதிலே நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று எழுதியிருக்கிறது. மறுவருடம் தொழிற்சாலைச் சட்டம். எங்கள் வங்கிச் சங்கத்தில் நானே கறுப்பு பேட்ஜ் குத்தியிருக்கிறேன், வாயில் கூட்டத்தில் தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டிருக்கிறேன், வேலைநிறுத்த நாளுக்குச் சம்பளம் பிடித்தபோது வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தோமாம்! ‘வொர்க் லைஃப் பேலன்ஸ்’ என்ற பெயர் மட்டும்தான் அப்போது இல்லை. வாங்க வேண்டியதைச் சங்கம் வாங்கிக் கொடுத்தது, அனுபவித்தோம், இப்போது கேட்பவனைச் சோம்பேறி என்கிறோம்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

1991-இல் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை, கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறல். சேர்ந்திருந்த பிரிவிலேஜ் லீவு இரண்டு மாதம் போட்டேன். போதவில்லை. சம்பளமில்லா விடுப்பு இன்னொரு ஒன்றரை மாதம். மேனேஜர் கையெழுத்துப் போடும்போது, “அப்பாவைப் பாருப்பா, ஆபீஸ் எங்கேயும் ஓடிடாது” என்றார். மூன்றரை மாதம் கழித்துப் போனேன். அதே கவுண்டர், அதே நாற்காலி, அதே டிராயர் சாவி. இன்கிரிமெண்ட் தேதி கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து ஆபீசர் பிரமோஷன் நேர்காணலில் உட்கார்ந்தபோது அந்த மூன்றரை மாதத்தைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சொல்லப்போனால், தகப்பனாரைப் பார்த்துக்கொண்டவன் என்று எனக்கு ஆபீசில் நல்ல பெயர்தான்.

லீவு முடிந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. என் மனைவி அப்போது ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், மாதம் 650 ரூபாய். அவர் வேலையை விட்டார்.

இந்த வரியைப் படித்துவிட்டு, “விட்டேன்னு எழுதாதீங்க. விட வெச்சீங்கன்னு எழுதுங்க” என்றார். நான் அப்படி ஒன்றும் வற்புறுத்தவில்லையே என்றேன். “நீங்க கேக்கவே இல்லை. அதுதான்” என்றார். சரி, எழுதிவிட்டேன்.

1994-இல் பிரமோஷன், கூடவே மாற்றல். ஒரிஸ்ஸாவில் ஒரு கிராமக் கிளை. மூன்று வருடம். இரண்டு பிள்ளைகளும் படுக்கையில் மாமனாரும் இவர் ஒருவர் தலையில். 96-இல் அப்பா போனபோது நான் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு வந்தேன். அந்தப் பயணத்தை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், இந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கிறேன். அந்த ஐந்து வருடம் அப்பாவின் துணிகளை யார் துவைத்தார்கள் என்று ஒரு வரியும் எழுதியதில்லை.

அதே கிளைகளில் என்னோடு வேலை பார்த்த பெண்கள் பலர் பிரமோஷனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிரமோஷன் என்றால் மாற்றல். மாற்றல் என்றால் குழந்தைகளை யாரிடம் விடுவது? நான் மேனேஜர் ஆன பிறகு ஒரு திறமையான அம்மாவிடம், “இப்படிப் பயந்தா எப்படிம்மா முன்னேறுவீங்க?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் புரிய எனக்கு இருபது வருடம் ஆனது.

2023 ஜனவரியில் என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. சென்னையில் அறுவை சிகிச்சை. பிறகு இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை கீமோ. கீமோ போட்ட வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். மருந்து ஏறும் நாள் பெரிதல்ல. அடுத்த பத்து நாள்தான். ரத்த அணுக்கள் இறங்கும், ராத்திரி இரண்டு மணிக்கு ஜுரம் நூறைத் தாண்டினால் உடனே ஓட வேண்டும். எனக்கு அப்போது 67. கார் ஓட்டத் தெரியாது. மருத்துவமனை ஆப்பில் டோக்கன் எடுக்கவும் தெரியாது. மகன் கனடாவில். பணம் அனுப்பினான், தினம் வீடியோவில் வந்தான், குறை சொல்ல மாட்டேன்.

மகள் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 13 வருட அனுபவம். கொரோனா காலத்தில் மூன்று வருடம் வீட்டிலிருந்தே குறையில்லாமல் வேலை பார்த்தவள். சரியாக அந்த நேரத்தில் எல்லோரும் வாரம் ஐந்து நாளும் ஆபீசுக்கு வர வேண்டும் என்று உத்தரவு. ஆறு மாதம் மட்டும் வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று கேட்டாள். மூன்று வாரம் தருகிறோம் என்றார்கள். ராஜினாமா கடிதத்தை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். “உன் இஷ்டம்மா” என்றேன். எவ்வளவு வசதியான பதில்! மகனிடம் வேலையை விட்டுவிட்டு வா என்று கேட்கலாம் என்ற எண்ணம்கூட எனக்கு வரவில்லை. இந்தக் கட்டுரையில் நான் மற்றவர்கள் மேல் போடும் பழியில் என் பங்கு இது.

கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து மனைவி தேறினார். அதற்குள் மகளின் மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவு. அதையும் அவள்தான் பார்த்தாள். ஆக மொத்தம் இருபத்திரண்டு மாதம்.

இப்போது வேலை தேடுகிறாள். நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ரெஸ்யூமேயை இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு அதில் இருக்கும் அதே விவரங்களை ஒவ்வொரு கட்டமாகத் திரும்ப நிரப்ப வேண்டும். முதலில் படிப்பது மனிதர் இல்லையாம், மென்பொருளாம். தாண்டினால் நாலைந்து சுற்று நேர்காணல். பிறகு மௌனம். நமக்குப் பாதி இடத்திலிருந்தாவது ‘வருந்துகிறோம்’ என்று ஒரு தபால் வரும். இவளுக்கு அதுவும் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: இந்தக் ‘கேப்’ எதனால்?

கேப்! எனக்கு அதன் பெயர் லீவு. நான் நல்ல பிள்ளை. அவள் செய்தது என்னைவிடப் பல மடங்கு. அவளுக்கு அது ஓட்டை. அவள் தோழி ஒருத்தி, அந்த இருபத்திரண்டு மாதத்துக்கும் ‘ஃப்ரீலான்ஸ் கன்சல்டண்ட்’ என்று போட்டுவிடு என்று யோசனை சொன்னாளாம். அம்மாவைப் பார்த்துக்கொண்டேன் என்ற உண்மையைவிட அந்தப் பொய்க்கு மதிப்பு அதிகம் என்கிறார்கள்.

போன மாதம் பிள்ளைகளோடு இங்கே வந்திருந்தபோது எங்கள் படுக்கையறையில் உட்கார்ந்து ஒரு வீடியோ நேர்காணல். கதவு சாத்தியும் குரல் கேட்டது. ஹாலில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் ஓர் இளைஞர், தமிழ்ப்பிள்ளைதான், நல்ல மரியாதையான பேச்சு. தொழில்நுட்பக் கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்: “இனிமே ஃபேமிலி சைடு கமிட்மெண்ட் எதுவும் இல்லையே மேடம்?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவள், “இல்லை சார்” என்றாள்.

மனைவி கத்தியை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. திரும்ப நறுக்க ஆரம்பித்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகும் தாயார் பத்தடி தூரத்தில் இருக்கிறார். பக்கத்து அறையில் இரண்டு பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். எதுவும் இல்லை சார். அந்த வேலையும் வரவில்லை. அதற்கு முன் ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்கிறோம் என்றது, பழைய சம்பளத்தில் நாற்பது சதவீதம் குறைத்து.

நண்பர்களே, நம் மூத்த குடிமக்கள் சங்கக் கூட்டங்களில் 2007-ஆம் வருடச் சட்டத்தைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பிள்ளைகள் கவனிக்காவிட்டால் தீர்ப்பாயம் ஜீவனாம்சம் வாங்கித் தரும். நிர்க்கதியாக விட்டுவிட்டால் மூன்று மாதம்வரை சிறைகூட உண்டு. வக்கீலைக் கூப்பிட்டு விளக்கக் கூட்டமே நடத்தினோம். பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைக்குத் தண்டனை. நல்லது. கவனித்த பிள்ளைக்கு என்ன? அவளுக்கும் தண்டனைதானே நடக்கிறது?

பிரசவத்துக்காவது சட்டம் இருக்கிறது. 2017 முதல் 26 வாரம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பிள்ளை வளர்ப்புக்கு 730 நாள் விடுப்பு இருக்கிறது. ஒரு தனியார் நிறுவன ஊழியர், ஆணோ பெண்ணோ, படுத்த படுக்கையான தாயைப் பார்க்க ஆறு மாதம் போய்விட்டு அதே நாற்காலிக்குத் திரும்ப எந்தச் சட்டம் இருக்கிறது?

இந்த நிலையில்தான் பெரிய மனிதர்கள் மணிக்கணக்கு சொல்கிறார்கள். 2023-இல் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி வரை போனார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற தொனியில் வேறு கேட்டார். வாரத்துக்கு 90 என்றால் ஏழு நாளும் தினம் கிட்டத்தட்ட பதின்மூன்று மணி. அந்த மனிதனுக்கு யார் சோறு போடுவது, அவன் அப்பாவை யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்று கேட்டால், பெயர் சொல்லப்படாத ஒரு பெண்தான் பதில். அவள் 90 மணி நேரம் எங்கே போய் வேலை பார்ப்பாள்? நம் சட்டமன்றத்திலேயே 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியதே. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்றுதான் முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எதிர்த்தவர்கள் இருந்ததால் போனது. பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டியிருந்தால் போயிருக்காது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அனுபவித்த லீவு அந்தக் காலத்திலும் எல்லோருக்கும் இல்லை. என் தம்பி ஜவுளிக்கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை நின்றான். முப்பது வருடம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியதே 2021-இல்தான். அதற்குள் அவன் கால் நரம்பெல்லாம் சுருண்டுவிட்டது. அப்பா படுத்திருந்தபோது அவன் ஒரு வாரம்கூட வர முடியவில்லை. நான் அப்போது அவனைக் குறை சொன்னேன். அதனால் ‘நம்ம காலம்’ என்று ஒன்று இருந்ததாகப் பேசுவதே தப்பு. என் காலம் வேறு, என் தம்பி காலம் வேறு, என் மனைவி காலம் வேறு. மூன்றும் ஒரே வீட்டில்தான் நடந்தன.

நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நமக்கு எழுபதை எட்டிவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: என் மகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட இளைஞர் யார்? நம்மைப் போல ஓர் ஓய்வூதியரின் பிள்ளையாகத்தான் இருப்பார். நம் பெஞ்சில் உட்காரும் ஆறு பேரில் நான்கு பேரின் பிள்ளைகள் இப்போது மேனேஜர், டீம் லீடர். ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறார்கள். இன்று ராத்திரி போன் பேசும்போது, சாப்பிட்டியா, பேரன் என்ன பண்றான் என்பதோடு சேர்த்து, ‘இண்டர்வியூல பொம்பளைப் பிள்ளைங்ககிட்ட என்னப்பா கேள்வி கேக்கறே?’ என்றும் கேளுங்கள். நான் என் மகனிடம் கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நானும் கேட்டிருக்கேன்பா” என்றான்.

சங்கத்துக்கும் ஒன்று. 2020 மார்ச்சில் நிறுத்திய ரயில் கட்டணச் சலுகையைத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு பொதுக்குழுவிலும் தீர்மானம் போடுகிறோம். போடுவோம், எனக்கும் வேண்டும். அதன் கீழேயே பெற்றோர் பராமரிப்பு விடுப்பு என்று ஒரு தீர்மானம் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். செயலாளர், “இது நம்ம சப்ஜெக்ட் இல்லையே சார்” என்கிறார். நம்மைத் தூக்கி உட்கார வைக்கப்போகிறவர்களின் விஷயம் நம் சப்ஜெக்ட் இல்லையாம். அடுத்த கூட்டத்தில் நேரில் பேசிக்கொள்கிறேன்.

தாலுகா ஆபீஸ் நண்பர் நேற்று மாலை போன் செய்தார். கோபமெல்லாம் இல்லை என்றார். பேச்சோடு பேச்சாக, அவர் மருமகளும் ஒரு வருடமாக வேலை தேடுவதாகச் சொன்னார். இத்தனை நாள் பெஞ்சில் சொன்னதே இல்லை.

வியாழக்கிழமை மகளுக்கு இன்னொரு நேர்காணல். சென்னைக்குப் போகிறேன். அன்று காலை பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பி, டிபன் கட்டிக் கொடுக்கும் வேலை என்னுடையது. தோசை வார்க்க மனைவி மூன்று நாளாகச் சொல்லிக் கொடுக்கிறார். நேற்று நாலு வார்த்தேன், ஒன்று தேறியது.